எமுலேட்டருக்குத் தமிழ்: 'போலி' வேண்டாம், 'ஒப்பியங்கி' பார்க்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

பழைய வீட்டுக் கணினிக் கண்காட்சிகளுக்காக நாம் போட்டுவரும் சொற்பட்டியலில் பழைய கணினியைப் போலவே நடந்து அதன் நிரல்களை ஓட்டும் எமுலேட்டருக்கு 'போலி' என்று முன்வைத்த மடலைப் படித்தேன், அதற்குப் பதில் 'ஒப்பியங்கி' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. இலக்கணத்திலிருந்து காட்டிய காரணம் அருமை. அறம் அறன் ஆகிறது, பந்தல் பந்தர் ஆகிறது, எழுத்து மாறினாலும் பொருள் மாறுவதில்லை. அதுபோல உள்ளே வேறு சில்லு இருந்தாலும் அதே நிரல் அதே மாதிரி ஓடுகிறது, ஆகவே போலி. தமிழ் வகுப்பில் இது நிற்கும், கண்காட்சி மேசையில் நிற்காது. 1980-களின் வீட்டுக் கணினியான கொமடோர் 64-ஐ எமுலேட்டரில் காட்டும்போது 'கொமடோர் 64, போலி' என்று அட்டை வைத்தால் வருகிறவர் கள்ளச் சரக்கு என்றுதான் படிப்பார், நாம் கடைப்போலியை விளக்கி முடிப்பதற்குள் அடுத்த மேசைக்குப் போயிருப்பார். போலி மருந்து, போலிச் சான்றிதழ், போலி மருத்துவர் என்று செய்தித்தாள்கள் அந்தச் சொல்லை முழுக்க எடுத்துக்கொண்டுவிட்டன, அதை நாம் இனி மீட்க முடியாது.

இந்த ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு என்று ஒருவர் கேட்டிருந்தார். 1997-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய விண்டேஜ் கம்ப்யூட்டர் ஃபெஸ்டிவல் ஆகட்டும், 2000 முதல் மியூனிக்கில் நடக்கும் அதன் ஐரோப்பியப் பதிப்பு ஆகட்டும், இந்தக் கண்காட்சிகளின் உயிரே தொட்டுப் பார்ப்பதில் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதில்லை, பொருளின் சொந்தக்காரர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார், வருகிறவர் தட்டிப் பார்க்கலாம். அப்படித் தட்டுகிறவர் கேட்கும் முதல் கேள்வி, 'இது நிஜமான மெஷினா?' என்பதுதான். அதற்கு அட்டை நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பழைய கொமடோர் பெட்டிக்குள் ராஸ்பெரி பை என்ற இன்றைய சிறு கணினிப் பலகையை வைத்து மென்பொருளில் ஓட்டினால் வெளிப்பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அதைச் சொல்லாமல் வைத்தால் பார்க்க வந்தவரை ஏமாற்றியதாகும்.

வித்தியாசம் எங்கே தெரியும்? ஒலியில் தெரியும். கொமடோர் 64-இன் சிட் 6581 என்ற ஒலிச் சில்லில் இருக்கும் ஒலிவடிப்பி (ஃபில்டர்) அனலாக் சுற்று, தயாரிப்பில் ஒன்றுபோல் இன்னொன்று அமைந்ததில்லை, அதனால் ஒரே பாட்டு இரண்டு பெட்டிகளில் இரண்டு விதமாகக் கேட்கும். ஒப்பியங்கி ஏதோ ஒரு சில்லைப் போலப் பாடும், உங்கள் மேசையில் இருக்கும் அந்தச் சில்லைப் போலப் பாடாது. திரையில் வைத்து இடத்தைக் காட்டும் ஒளிப்பேனாவில் இன்னும் தெளிவாகத் தெரியும். பிக்சர் டியூப் டிவியில் எலெக்ட்ரான் கற்றை பேனாவின் முனையை எந்த நொடித்துளியில் கடக்கிறது என்பதைப் பிடித்துத்தான் கணினி இடத்தைக் கண்டுபிடிக்கிறது. எல்.சி.டி. திரையில் அந்தக் கற்றையே கிடையாது, பேனாவை எத்தனை முறை வைத்து அழுத்தினாலும் பதில் வராது. அப்புறம் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினி. 48 கேபி விளையாட்டு ஒன்று கேசட்டிலிருந்து ஏற நாலைந்து நிமிடம் ஆகும், அந்த நேரம் முழுக்கத் திரை ஓரத்தில் வண்ணக் கோடுகள் ஓட, கீச்சென்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மென்பொருளில் அதே விளையாட்டைக் கண்சிமிட்டும் நேரத்தில் ஏற்றிவிடலாம், ஆனால் காத்திருந்ததும் அந்தக் காலத்து அனுபவத்தில் சேர்த்தி என்பதால் காட்டுகிறவர் எதைக் காட்டுகிறார் என்று எழுதி வைப்பது அவசியம்.

இதனால் ஒப்பியங்கி ஒரு படி தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை, 'போலி'யை நான் எதிர்ப்பதற்கு முக்கியக் காரணமே அந்தத் தாழ்வு அதில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான். கொமடோர் 64-உடன் வந்த பழைய மின்வழங்கி (பவர் சப்ளை) பழுதானால் 5 வோல்ட் இணைப்பில் மின்னழுத்தம் ஏறிவிடும், பெரும்பாலும் முதலில் சாவது மெமரிச் சில்லுகள். பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கணினியின் மின்வழங்கியில் இருக்கும் காகித மின்தேக்கிகள் (கெப்பாசிட்டர்கள்) வயதாகி விரிசல் விட்டு, ஈரம் உறிஞ்சி, ஒருநாள் நாற்றத்தோடு புகைவிடும். (1984-இல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்தது இந்த பிபிசி மைக்ரோதான், இந்தக் குழுவிலேயே அதில் பேசிக் நிரல்மொழி பழகியவர்கள் இருக்கலாம்.) இப்படிப்பட்ட பெட்டியை இரண்டு நாள் காலை முதல் மாலை வரை ஓட்ட எல்லோருக்கும் மனம் வராது. கிடைத்தற்கரிய பெட்டியைப் பக்கத்தில் அணைத்து வைத்துவிட்டு அதன் நிரலை ஒப்பியங்கியில் ஓட்டுகிறவர் பொறுப்போடு நடந்துகொள்கிறார். அவருடைய அட்டையில் 'போலி' என்று எழுதச் சொல்வது நியாயமே இல்லை.

சரி, ஏன் ஒப்பியங்கி? தானியங்கி எல்லோருக்கும் தெரிந்த சொல். தானே இயங்குவது தானியங்கி என்றால் ஒத்து இயங்குவது ஒப்பியங்கி, விளக்கம் கேட்காமலே பாதி புரிந்துவிடும். 'இயக்கி' என்று முடிக்காமல் விட்டதற்குக் காரணம், அது வன்பொருளை இயக்கும் மென்பொருளான டிவைஸ் டிரைவருக்கு ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, இரண்டும் ஒரே கட்டுரையில் வந்தால் குழப்பம். வினையாக்கினாலும் சிக்கல் இல்லை: ஒப்பியக்கலாம், ஒப்பியக்கம், 'இந்த நிரல் ஒப்பியங்கியில் ஓடுகிறது'. ஒப்பு என்றால் ஒப்புதல்தான் நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் சொல்லலாம், ஆனால் ஒப்புமை, ஒப்பீடு இரண்டும் அதே வேரில் பிறந்து நம் பேச்சில் நன்றாகவே பழகியிருக்கின்றன.

உள்சுற்றை நாமே வேண்டியபடி அமைத்துக்கொள்ளக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. சில்லில் பழைய கணினியின் சுற்றையே மறுபடி அமைக்கிறார்களே, அதற்குத் தனிச்சொல் வேண்டும் என்ற கோரிக்கையில் எனக்கு உடன்பாடு இல்லை. அங்கே கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து நடிக்கும் மென்பொருள் இல்லை, தருக்கக் கதவுகளே அந்த வடிவத்தில் இணைகின்றன என்பது உண்மை. ஆனால் எமுலேட்டர் என்ற சொல்லே 1963-இல் ஐ.பி.எம்.மில் சிஸ்டம்/360 வரிசையை உருவாக்கும்போது பிறந்தது, மென்பொருளும் நுண்கட்டளைகளும் (மைக்ரோகோட்) வன்பொருளும் சேர்ந்து பழைய இயந்திரத்தின் நிரலை ஓட்டும் ஏற்பாட்டுக்குத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். வன்பொருள் முதல் நாளிலிருந்தே அதற்குள் இருக்கிறது. ஆகவே மென்பொருள் ஒப்பியங்கி, வன்பொருள் ஒப்பியங்கி என்று அடைமொழி போட்டுக்கொண்டால் போதும். இதற்கென்று இன்னொரு சொல்லைப் படைத்தால் மேசையில் உட்கார்ந்திருப்பவரே மறந்துபோவார்.

ஒரிஜினலுக்கு 'மூலம்' என்று எழுதியிருந்தார்கள். சோர்ஸ் கோடுக்கு மூலநிரல் என்று நாமே பட்டியலில் வைத்திருக்கிறோம், இரண்டும் முட்டிக்கொள்ளும். 'அசல்' இருக்கட்டும். எங்கிருந்து வந்த சொல்லானாலும் அசல் என்றால் என்னவென்று தமிழ்நாட்டில் கேட்கிறவர் யாரும் இல்லை. டிஸ்க் டிரைவ் கெட்டுப்போனதால் எஸ்டி அட்டை பொருத்திய பெட்டிகள் இப்போது நிறைய வருகின்றன, அவற்றுக்கு 'அசல், எஸ்டி அட்டை சேர்த்தது' என்று நீளமாகவே எழுதிவிடலாம், அதற்கெல்லாம் கலைச்சொல் தேவையில்லை.

பட்டியலில் 'மின்தேக்கி மாற்றிய பெட்டி' என்ற வரி மட்டும் பாக்கி. மின்தேக்கியை இலங்கை நண்பர்கள் கொள்ளளவி என்று எழுதுவார்கள், அட்டையில் இரண்டையும் போடலாமா, அல்லது பட்டியலில் மட்டும் இரண்டையும் காட்டிவிட்டு அட்டையை எழுதுகிறவர் விருப்பத்துக்கு விடலாமா? அங்கிருந்து யாராவது சொன்னால் அந்த வரியையும் முடித்துவிடலாம்.