மாரி காலத்தில் படுவான்கரைக்கு வழி தேடுதல்

வேலை நிமித்தமாக, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு அடிக்கடி போய்வருபவன் நான். மாரி காலத்தில் தொலைபேசி காட்டும் வழியை மட்டும் நம்பி யாரும் அங்கே புறப்பட வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மார்கழியில், நில அளவையாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஐயா ஒருவருடன் களுவாஞ்சிகுடியிலிருந்து மண்டூருக்கு மோட்டார் சைக்கிளில் செல்ல வேண்டியிருந்தது. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து, வெல்லாவெளிக்குச் சென்று, அங்கிருந்து மண்டூருக்குத் திரும்பும்படி செயலி காட்டியது. கோடையில் அது நல்ல வழிதான். ஐயாவோ, துணி ஒட்டி மடித்து வைத்திருந்த பழைய ஓர் அங்குல (ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும்) வரைபடத் தாளைப் பையிலிருந்து எடுத்து, எண்ணெய்த் தாங்கியின் மேல் விரித்தார். மடிப்புகளில் எழுத்துகள் தேய்ந்திருந்தாலும், வெல்லாவெளிக்கும் மண்டூருக்கும் இடையே வீதியின் இருபுறமும் சதுப்பு நிலத்தைக் குறிக்கும் நீலக் கீறல்கள் தெளிவாகவே இருந்தன. “மழை இன்னும் விட்டபாடில்லை தம்பி, இந்தத் தாழ்வுக்குள்ள தண்ணி ஏறியிருக்கும். குருமண்வெளிக்கு விடுங்க, பாதையில போவம்” என்றார். பாதை என்று அவர் சொன்னது, வாவியைக் கடக்க உதவும் மிதவைப் படகை. குருமண்வெளித் துறைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, வெல்லாவெளிப் பக்கம் சென்று வெள்ளத்தைக் கண்டு திரும்பிய இருவர், பாதை அக்கரையிலிருந்து வருவதைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள்.

ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளில் குறைந்தது நான்கின் சமிக்ஞைகளைக் கொண்டு, நாம் நிற்கும் இடத்தைத் தொலைபேசி கணித்துவிடுகிறது. வீதியைப் பற்றி அச்செய்மதிகளுக்கு எதுவும் தெரியாது. வழியைச் சொல்வது தொலைபேசிக்குள் இருக்கும் வரைபடமே, அதில் உயர்ந்த பாலமும் வெள்ளம் மேவிப் பாயும் தாம்போதியும் பெரும்பாலும் ஒரே கோடாகத்தான் தெரிகின்றன. நில அளவைத் திணைக்களத்தின் தாளில் சமவுயரக் கோடு, குளம், ஆறு, சதுப்பு எல்லாம் ஒருங்கே கிடைப்பதால், தண்ணீர் எங்கே தேங்கும் என்பதை நாமே ஊகிக்க முடிகிறது.

ஆயினும் தாளுக்கும் வயதாகிறது. மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது 2014இல். அதற்கு முந்திய தாளை வைத்திருப்பவர் அங்கே வாவியை மட்டுமே காண்பார். வரம்புகளெல்லாம் ஒன்றுபோலத் தோன்றும் இரவில், பெரிய வயல்வெளிகளான வட்டைகளுக்குள் நிற்கும்போது, செய்மதி காட்டும் அந்த ஒற்றைப் புள்ளியே எனக்கும் துணை. தொலைபேசி வலையமைப்பு அற்றுப்போனாலும் புள்ளி மறையாது, ஆனால் வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வைக்காவிட்டால் அது வெற்றுத் திரையில்தான் நிற்கும். பலர் இதைக் கவனிப்பதில்லை.

மழை தொடங்கிவிட்டால், புறப்படுமுன் அந்தப் பகுதியில் வயல்களுக்கான நீர்ப்பாய்ச்சலைக் கவனிக்கும் வட்டவிதானை ஒருவருடனும் பேசிவிடுங்கள். நவகிரிக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டனவா என்பது எந்த வரைபடத்திலும் இராது, அவருக்குத் தெரிந்திருக்கும்.