ரன்புக் என்பதற்கு "வாகடம்": ஒரு முன்மொழிவு

வணக்கம்.

சேர்வரில் கோளாறு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று படிபடியாக எழுதி வைக்கும் குறிப்புத்தான் "ரன்புக்" (runbook). அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் இதுவரை வந்த மூன்று சொற்களையும் ஒரு கிழமையாக வேலையிடத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். "ஓட்டநூல்" வாயில் நிற்கவில்லை. "இயக்கக் கையேடு" என்றால் தண்ணீர்ப் பம்போடு பெட்டிக்குள் வரும் சின்னப் புத்தகம்தான் நினைவுக்கு வருகிறது. வவுனியா அக்கா தந்த "செயல்முறைநூல்" பிழையில்லை. ஆனால் சம்பளப் பட்டியல் போடுவதற்கும் ஒரு செயல்முறை உண்டு. இரவுப் பணியின் அவசரம் அந்தச் சொல்லில் இல்லை.

நாங்கள் உண்மையில் என்ன செய்கிறோம்? நடுச்சாமத்தில் அலேர்ட், அதாவது கோளாறு எச்சரிக்கை, அடிக்கிறது. ஏதோ ஒரு சேர்வருக்குச் சுகமில்லை. பொறுப்பில் இருப்பவர் அறிகுறியைப் பார்க்கிறார், அதற்குரிய பக்கத்தைத் திறக்கிறார், எழுதியிருப்பதை வரிவரியாகச் செய்கிறார். குறியைச் சொல்லி, செய்கையைச் சொல்லி, தவிர்க்க வேண்டியதையும் சொல்லும் நூலுக்கு எங்களிடம் ஏற்கனவே பெயர் உண்டு. அதுதான் வாகடம்.

யாழ்ப்பாணத்து ஆளுக்கு இந்தச் சொல் தூரத்துச் சொல் இல்லை. செகராசசேகரம், பரராசசேகரம் என்று யாழ்ப்பாண அரசர்களான ஆரியச்சக்கரவர்த்திகளின் பட்டப்பெயர்களைத் தாங்கிய வைத்திய நூல்கள் இந்த மண்ணுக்குரியவை. பரியாரிமார் வீடுகளில் ஏடாகவும் கையெழுத்துப் பிரதியாகவும் இருந்தவை வாகடங்கள். மனிதரோடு அது நிற்கவும் இல்லை; மாட்டு வாகடம், குதிரை வாகடம் எல்லாம் உண்டு. மாட்டுக்குப் போன சொல் சேர்வருக்கும் போகலாம்.

இந்தச் சொல் தனியாக வரவில்லை, தன் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வருகிறது. அலேர்ட்டோடு தெரியும் அறிகுறிகளுக்குக் "குறிகுணம்". படிமுறைகளுக்குச் "செய்பாகம்". எனக்கு மிகவும் பிடித்தது "பத்தியம்". ஒரு திருத்தம் செய்த பிறகு விடியும்வரை மென்பொருளின் புதிய பதிப்பு எதையும் ஏற்றக்கூடாது என்று நாங்கள் போடும் தடைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. பத்தியம் முறித்தால் என்ன ஆகும் என்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இனி செயற்கை நுண்ணறிவுப் பக்கம். ரன்புக்கைச் செயற்கை நுண்ணறிவே வாசித்துச் செய்வதற்குக் கோண்டாவில் தம்பி "தன்னியக்க ரன்புக்" என்று எழுதியிருந்தார். அதில் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல ஒரு சம்பவம்.

போன மாரியில் ஓர் இரவு, 2.40 மணி. தரவுத்தள சேர்வரின் டிஸ்க் 97 வீதம் நிரம்பிவிட்டது. எங்கள் வாகடத்தின் நாலாம் வரி, "பழைய லாக் கோப்பை அழி" என்றது. லாக் என்பது சேர்வர் தானே எழுதிச் சேர்க்கும் நிகழ்வுக் குறிப்பு. புதிதாகச் சேர்ந்த பெடியன் அப்படி 40 கிகாபைட் கோப்பொன்றை அழித்தார். திரையில் 97 அப்படியே நின்றது. "அண்ணை, அழிச்சிட்டன், இடம் வரேல்லை" என்று என்னை எழுப்பினார். குரலில் நடுக்கம். அடுத்த கோப்பிலும் கை வைக்கப் போயிருக்கிறார். லினக்ஸில் ஒரு நிரல் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தால், கோப்பின் பெயரை அழித்தாலும் அந்த நிரல் அதை மூடும்வரை இடம் விடுபடாது. எனக்கு அது பழக்கத்தில் தெரியும். வாகடத்தில் எழுதி வைக்கவில்லை. அந்தப் பிழை என்னுடையது. இப்போது நாலாம் வரி, "அழிக்காதே, கோப்பை வெறுமையாக்கு" என்று இருக்கிறது.

பிறகு அதே வாகடத்தை ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளிடம் கொடுத்து, பரிசோதனை சேர்வர்களில் விட்டுப் பார்த்தோம். அலேர்ட்டை வாசித்து உரிய பக்கத்தைச் சில நொடிகளில் எடுத்துத் தந்தது. நித்திரைக் கண்ணோடு தேடும் எங்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் இரண்டாம் வரி, "பிரதி சரியா என்று பார்" என்றிருந்தது. பிரதி என்பது தரவுத்தளத்தை இன்னொரு சேர்வரில் உடனுக்குடன் படியெடுத்து வைப்பது. எங்களுக்குச் "சரி" என்றால் பிரதி 5 நொடிக்கு மேல் பின்தங்கக் கூடாது. உதவியாளோ, பிரதி ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டு சரி என்று எடுத்துக்கொண்டு மூன்றாம் வரிக்குப் போய்விட்டது. பிரதி 20 நிமிடம் பின்னால் நின்றது. சித்த வைத்தியப் பாடல்களில் பரிபாஷை என்று ஒரு மறைமொழி உண்டு, குரு பக்கத்தில் இருந்து சொன்னால்தான் விளங்கும். எங்கள் வாகடங்களிலும் அது நிறைய ஒளிந்து கிடக்கிறது. இந்த உதவியாளுக்குக் குரு இல்லை. எழுதியதுதான் அதற்குத் தெரியும், எழுதாததை அது ஊகிக்கும்.

அதனால்தான் "தன்னியக்கம்" பொருந்தாது என்கிறேன். அன்சிபிள் போன்ற கருவியில் எழுதிய ஸ்கிரிப்ட் எத்தனை தரம் ஓடவிட்டாலும் எழுதியதையே செய்யும், அது தன்னியக்கம். செயற்கை நுண்ணறிவின் மொழி மாதிரியோ (language model) வாசித்துப் பொருள்கொண்டு செய்கிறது. அதற்கு "வாகடத் துணை" என்று வைக்கலாம். "ஏஜென்ட்" என்பதற்கு "முகவர்" என்ற சொல்லும் வந்தது. முகவர் என்றால் எங்கள் சார்பில் தானே கையெழுத்து வைப்பவர். துணை அப்படியில்லை, பொறுப்பு எங்களிடமே இருக்கும். பார்ப்பது, அளப்பது, பக்கம் எடுத்துத் தருவது எல்லாம் துணை கேட்காமலே செய்யட்டும். அழிப்பது, நிறுத்துவது, மாற்றுவது என்றால் ஒரு மனிதர் "சரி" சொல்ல வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர், பிரதி சேர்வரில் நிற்பதாக நினைத்து முதன்மைச் சேர்வரின் தரவுத்தளத்தை அழித்தார். ஏறத்தாழ 300 கிகாபைட். வழமையான காப்புப் பிரதிகளும் கைகொடுக்கவில்லை. சுமார் 6 மணி நேரத்துத் தரவு போயிற்று. அந்த நிறுவனமே இதையெல்லாம் வெளிப்படையாக எழுதியது. அனுபவமுள்ள மனிதருக்கே எந்த சேர்வரில் நிற்கிறோம் என்பது பிசகும்போது, துணையின் கையில் அழிக்கும் கட்டளையைத் தனியே விட என் மனம் ஒப்பவில்லை.

பழஞ்சொல், இளம் பிள்ளைகளுக்கு விளங்காது என்று சிலர் சொல்லக்கூடும். வடமொழி வழி வந்தது என்றும் வரும். 1847 இல் இங்கே வந்து மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், தமிழ் நூல்களில் ஏற்கனவே இருந்த சொல்லை முதலில் தேடினார்; கிடைக்காதபோதுதான் வடமொழிக்கும் ஆங்கிலத்துக்கும் போனார். அந்த வரிசை எனக்கு இன்றும் நியாயமாகப் படுகிறது. விளங்குமா என்பதற்கு, எங்கள் பெடியனிடம் ஒரேயொரு தரம் சொன்னேன். மறுநாள் "அண்ணை, டிஸ்க் வாகடம் எங்க கிடக்கு?" என்று அவரே கேட்டார்.

ஒன்று மட்டும் எனக்கு முடிவாகவில்லை. செய்த மாற்றத்தைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் "ரோல்பேக்" இருக்கிறதே, வைத்தியத்தில் மருந்தின் கேட்டை மாற்றுவதற்கு "முறிவு" என்பார்கள். பொருள் அழகாக ஒட்டுகிறது. ஆனால் "சேர்வர் முறிவு" என்றால் கேட்பவர் சேர்வர் உடைந்துவிட்டது என்று நினைப்பார். "முறிப்பு" என்றால் அந்தக் குழப்பம் தீருமா? கைதடியில் சித்த மருத்துவம் படித்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், அங்கே இந்த இரண்டையும் எப்படி வேறுபடுத்திச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் இரவுப் பணியாளர்