மலை ஏறினா ஸ்டீரிங் கல்லாயிடுது, பம்ப்ப மாத்தச் சொல்றாங்க, மாத்தலாமா?

பொள்ளாச்சி டீசல்:
வணக்கம்ங்க. அப்பா வாங்குன வண்டி, 2006 மாடல், ஏழு பேர் உக்கார்ற பெரிய டீசல் எஸ்யூவி, 2,30,000 கிலோமீட்டர் ஓடிருச்சு. பேர் போடல, போட்டா அதே வண்டி வச்சிருக்கறவங்க சண்டைக்கு வந்துருவாங்க. பெல்ட்ல சுத்தற பம்ப் வச்ச ஹைட்ராலிக் பவர் ஸ்டீரிங். காலைல எடுக்கறப்ப ஒத்த விரல்ல திரும்புதுங்க. போன வாரம் ஆழியார்ல இருந்து வால்பாறை ஏறுனேன், மொத்தம் 40 கொண்டை ஊசி, பாதி தாண்டறதுக்குள்ள ஒவ்வொரு வளைவுலயும் சினை மாடு முனகற மாதிரி சத்தம், அப்பறம் ஸ்டீரிங் இறுகிட்டே வந்து மேல போய் பார்க் பண்றப்ப ரெண்டு கையாலயும் தொங்கித்தான் திருப்புனேன். ஒர்க்‌ஷாப்ல பம்ப் போச்சு, 16,000 ஆகும், அப்படியும் சரியாகலேன்னா ராக்க, அதான் ஸ்டீரிங் திருப்புனா சக்கரத்தத் தள்ளற பல் தண்ட, மாத்திரலாங்கறாங்க. அந்த 'அப்படியும் சரியாகலேன்னா'தான் வயித்தக் கலக்குது. கீழ ஒரு சொட்டு ஒழுகல் இல்ல. ஸ்டீரிங் எண்ணெய் டப்பா மூடியத் தொறந்தா மட்டும் மோர் கடைஞ்ச மாதிரி நுரை.

ஓஎம்ஆர் ட்ராஃபிக்:
ப்ரோ மொதல்ல பெல்ட்ட பாருங்க, ஃபுல்லா ஒடிக்கும்போது கீச்னு கத்துச்சுன்னா பெல்ட் லூசு இல்லன்னா பளபளன்னு தேஞ்சிருக்கும், எனக்கு அதுதான் இருந்துச்சு, 10 நிமிஷ வேலை. அப்புறம் டயர் காத்து. அகல டயர் போட்டுட்டு ஸ்டீரிங் ஹெவின்னு சொல்றவங்க இங்க நிறைய பேர் இருக்காங்க.

நெல்லை ஸ்பேனர்:
தம்பி, பெல்ட்டுன்னா கீச்னு கத்தும், நீங்க சொல்லது முனகல். நுரைன்னு ஒரு வார்த்த சொன்னீங்கல்லா, விசயமே அதுலதான் இருக்கு. எங்கனயோ காத்து உள்ள போகுது. எண்ணெய அமுக்க முடியாது, காத்த அமுக்கலாம், அதனால பம்ப் போடுத பிரஷர் பூரா நுரைய அமுக்கத்தான் போகுது, ராக்குக்கு வந்து சேராது. ஓட ஓட காத்து சேந்து நுரை கூடும், எண்ணெயும் சூட்டுல இளகிரும், காலைல நல்லா இருந்து மலைல இறுகுதுக்கு அதான் காரணம்.

ஒழுகலயேன்னு கேப்பீங்க. டப்பால இருந்து பம்ப்புக்கு வருத ஓஸ் உறிஞ்சுத ஓஸ்லா, அதுல பிரஷர் கிடையாது. இத்தன வருசம் இஞ்சின் சூட்டுல வெந்து வெறகு மாதிரி ஆயிருக்கும், கிளாம்ப் எவ்வளவு இறுக்குனாலும் பிடிக்காது, எண்ணெய வெளிய விடாம காத்த மட்டும் உள்ள இழுக்கும். டப்பாவுல எண்ணெய் கொறஞ்சாலும் இதே கதைதான், டப்பாவுக்கு அடில சல்லட அடச்சிருந்தாலும் பம்ப் முனகும்.

ஒரு சோதனை சொல்லுதேன், காசு செலவில்ல. இஞ்சின் ஓடும்போது டப்பாவுல எண்ணெய் மட்டத்த குறிச்சிட்டு ஆஃப் பண்ணுங்க. மட்டம் நல்லா ஒசந்துச்சுன்னா உள்ள காத்து இருக்குன்னு அர்த்தம். அத பாக்காம பம்ப்ப மாத்துனா புது பம்ப்பும் அதே காத்த குடிச்சி நாசமாத்தான் போகும்.

ராக்குக்கு ரெண்டு பக்கமும் இருக்க ரப்பர் பூட்ட அமுக்கிப் பாருங்க, உள்ள எண்ணெய் தளும்புனா மட்டும் ராக் சீல் போச்சுன்னு நம்புங்க.

பொள்ளாச்சி டீசல்:
அண்ணா, பாத்துட்டேங்க. ஆஃப் பண்ணதும் மட்டம் ஒரு விரக்கடை மேல வந்துருச்சு! பூட் ரெண்டும் காஞ்சுதான் இருக்கு. வீட்டுல தண்ணி பைப்புக்கு வாங்குன நல்ல ரப்பர் ஓஸ் கெடக்குது, அதையே வெட்டிப் போட்ரலாமா?

நெல்லை ஸ்பேனர்:
ஐயையோ வேண்டாம். சாதா ரப்பர் அந்த எண்ணெயில ஊறி ரெண்டு மாசத்துல கொழகொழன்னு ஆயிரும். எண்ணெய் தாங்குத ஓஸ்னு கேட்டு வாங்குங்க, சின்ன காசுதான். எண்ணெய் என்ன ஊத்தணும்னு மூடிலயோ மேனுவல்லயோ போட்டிருக்கும், அத ஊத்துங்க, எவனாவது பிரேக் ஆயில ஊத்தச் சொன்னா கேக்காதீங்க, சீல் அத்தனையும் உப்பிப் போயிரும். பொறவு முன்பக்கத்த ஜாக்கி போட்டு தூக்கி, ஸ்டாண்டு வச்சி, இஞ்சின ஆஃப்ல வச்சே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவா 20 தடவ திருப்புங்க, ஒரு ஆள் டப்பாவப் பாத்து ஊத்திக்கிட்டே இருக்கட்டும். குமிழி நின்ன பொறவுதான் ஸ்டார்ட் பண்ணணும். கோடில போயி பிடிச்சிக்கிட்டே நிக்காதீங்க, அஞ்சு செகண்டுக்கு மேல நின்னா பம்ப் வெந்துரும்.

ஊட்டி இறக்கம்:
ஒரு விஷயம் கேக்கறேன், இறக்கத்துல டீசல் மிச்சம்னு இன்ஜின ஆஃப் பண்ணி உருட்டற பழக்கம் ஏதும் இல்லீங்களே? பம்ப்பும் நிக்கும், பிரேக்க லேசா மிதிக்க உதவற பூஸ்டரும் ரெண்டு மூணு மிதிக்கு மேல தாங்காது.

பொள்ளாச்சி டீசல்:
அது அப்பா பழக்கம்ங்க, திட்டி நிறுத்தியாச்சு.

அப்டேட்: ஓஸ், ரெண்டு கிளாம்ப், ஒரு லிட்டர் எண்ணெய், எல்லாம் சேத்து 1,150 ரூபா. பழைய ஓஸ கையில எடுத்து மடக்குனேன், பட்டுனு ஒடஞ்சுருச்சு. நுரை இல்ல, முனகல் இல்ல, நேத்து மறுபடியும் வால்பாறை போய்ட்டு வந்தாச்சு. ஒண்ணே ஒண்ணு, வளைவுல ஒடிச்சு விட்டா ஸ்டீரிங் தானா நேரா வர மாட்டேங்குது, கையால கொண்டு வரணும். இது முன்னாடியே இருந்துச்சான்னு ஞாபகம் இல்ல.

நெல்லை ஸ்பேனர்:
ஸ்டீரிங் ராடுக்கு கீழ மடங்கித் திரும்புத யூனிவர்சல் ஜாயிண்ட் துருப்பிடிச்சிருக்கும், இல்லன்னா சக்கரத்துப் பக்கம் இருக்க உருண்டை மூட்டு, பால் ஜாயிண்ட், இறுகியிருக்கும். ஜாக்கில தூக்கி கையால திருப்பிப் பாருங்க, எங்கன முறுக்குதுன்னு போட்டோ போடுங்க.