ஐபேடுக்கும் விண்டோஸ் லேப்டாப்புக்கும் நடுவில் மிடி, மேடையில் மட்டும் அறுந்துபோகிறது

தங்கச்சிமடம் கீபோர்டு:

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் ஒரு இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். கல்யாண வீடு, மாதா கோவில் திருவிழா, முளைக்கொட்டு என்று தீவிலும் மண்டபம் பக்கமும் போய் வருகிறோம்.

61 கீ கண்ட்ரோலர் (தானாக ஒலி எழுப்பாது, எந்தக் கீயை அமுக்கினோம் என்ற செய்தியை மட்டும் அனுப்பும், அந்தச் செய்திதான் மிடி) யூஎஸ்பி வழியாக விண்டோஸ் லேப்டாப்புக்குப் போகிறது. பியானோ, ஸ்டிரிங்ஸ், பிராஸ் எல்லாம் லேப்டாப்பில். புல்லாங்குழலும் சிந்த்தும் ஐபேடில், ஏயூஎம் என்ற மிக்சர் ஆப்புக்குள். ஐபேடு 9ஆம் தலைமுறை, லைட்னிங் வாய் (ஆப்பிளின் பழைய சார்ஜ் துளை). லேப்டாப்பில் வைஃபை வழியாக மிடி அனுப்பும் ஆர்டிபி மிடி போட்டு, என் போன் ஹாட்ஸ்பாட்டில் இரண்டையும் சேர்த்திருக்கிறேன். ஐபேடு திரையில் பெரிய பட்டன்கள் வைத்திருக்கிறேன். அடுத்த பாட்டுக்கு லேப்டாப்பில் பேட்ச், அதாவது ஒலி அமைப்பு, மாற்றுவது அதில்தான்.

வீட்டில் மூன்று மணி நேரம் வாசித்தாலும் ஒரு குறை இல்லை. போன மாதம் வடகடல் பக்கம் ஒரு பந்தல். சாயங்காலம் 5 மணிக்கு டெஸ்ட் பண்ணினபோது சுத்தமாக இருந்தது. ராத்திரி 9 மணிக்குக் கூட்டம் நிறைந்தது. இரண்டாவது பாட்டின் சரணத்தில் குழல் பிந்திப் பிந்தி வந்தது. அப்புறம் ஒரு ஸ்வரம் அப்படியே நின்றுவிட்டது. விரலை எடுத்தும் சங்கு ஊதுவதுபோல ஊதிக்கொண்டே இருக்கிறது. பாடிக்கொண்டிருந்த அக்கா நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். ஃபேடரை இறக்கினேன். மீதிக் கச்சேரியை லேப்டாப்பை மட்டும் வைத்து முடித்தேன். அந்தப் பார்வை இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

புளூடூத் மாற்றினால் சரியாகுமா? நேராகக் கேபிள் போட்டுப் பார்த்தேன், ஐபேடு சார்ஜ் மட்டும் ஏறுகிறது. இன்னொன்று, சில நேரம் ஒரு கீயை அமுக்கினால் பியானோ இரண்டு தடவை அடிக்கிறது. அடுத்த கச்சேரிக்கு மூன்று வாரம் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம் சவுண்ட்:

தம்பி, நான் மைக் செட் ஆள். கீபோர்டு வாசிக்கத் தெரியாது, ஆனால் இந்தக் கோளாறை நாலைந்து குழுக்களிடம் பார்த்துவிட்டேன்.

5 மணிக்குப் பந்தல் காலி. 9 மணிக்கு அங்கே எத்தனை பேரோ அத்தனை போன். உன் ஹாட்ஸ்பாட் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடியிருக்கும். அத்தனை போனும் முட்டி மோதுகிற இடம் அது. புளூடூத்தும் அதே 2.4தான், அங்கே போய் ஒதுங்க முடியாது. அமுக்கினால் ஒரு செய்தி, விட்டால் ஒரு செய்தி, மிடி அவ்வளவுதான். விட்ட செய்தி வந்து சேரவில்லை என்றால் ஸ்வரம் நிற்காது.

நேர்க் கேபிள் ஏன் வேலை செய்யவில்லை என்றால், யூஎஸ்பியில் ஒரு பக்கம் எசமான், மறுபக்கம் ஏவலாள். லேப்டாப் எப்போதும் எசமான். ஐபேடை மேக்கில் செருகினால், ஆடியோ மிடி செட்டப்பில் ‘எனேபிள்’ அமுக்கியதும் மிடி போகும். அது ஆப்பிள் தனக்கென்று வைத்திருக்கிற வழி. விண்டோஸில் அது கிடையாது.

நீ செய்ய வேண்டியது: யூஎஸ்பி மிடி கேபிள் இரண்டு வாங்கு. ஒரு முனை யூஎஸ்பி, மறுமுனையில் பழைய ஐந்து பின் பிளக் ஆண் முனையாக இரண்டு இருக்கும். ஒன்றை லேப்டாப்பில் போடு. மற்றதை, சார்ஜ் துளை உள்ள லைட்னிங் கேமரா அடாப்டர் வழியாக ஐபேடில் போடு. முதலில் அடாப்டருக்குச் சார்ஜர் கொடுத்துவிட்டு அப்புறம் கேபிளைச் செருகு. இல்லாவிட்டால் கரண்ட் போதவில்லை என்று ஐபேடு மறுத்துவிடலாம். ஐந்து பின் முனைகளை, இரண்டு பக்கமும் பெண் உள்ள கப்ளர் போட்டு, இதன் அவுட் அதன் இன்னுக்கு, அதன் அவுட் இதன் இன்னுக்கு என்று குறுக்காக மாட்டு. சில கேபிள்களில் ‘இன்’ என்று எழுதியிருப்பது ‘கருவியின் இன்னில் செருகு’ என்ற அர்த்தத்தில் இருக்கும். கேபிளில் இருக்கிற விளக்கு எரியவில்லை என்றால் பயப்படாதே, இரண்டையும் மாற்றி மாட்டிப் பார்.

பழைய முறை என்று யோசிக்காதே. 1983இல் வந்த அந்த மிடியின் வேகம் விநாடிக்கு 31,250 பிட். ஒரு ஸ்வரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மில்லி விநாடி. நாலு விரல் கார்டு நாலு மில்லி விநாடிக்குள் போய்விடும், காதுக்குத் தெரியாது.

இன்னொரு நன்மைதான் எனக்குப் பெரிசு. அந்த மிடி இன்னுக்குள் ஆப்டோகப்ளர் என்று ஒரு சில்லு உண்டு. சிக்னல் வெளிச்சமாகத் தாண்டும், கம்பியாக ஒட்டாது. லேப்டாப் சார்ஜர் ஒரு லைனில், ஐபேடு சார்ஜர் வேறு லைனில் ஜெனரேட்டரில் ஓடும்போது, இந்த இணைப்பால் இரைச்சல் அதிகமாகாது. ரொம்ப விலை குறைந்த கேபிள்களில் அந்தச் சில்லே இல்லாமல் செய்துவிடுகிறார்கள். கொஞ்சம் நல்லதாகப் பார்த்து வாங்கு.

இரட்டை அடி வேறு விஷயம். கீபோர்டிலிருந்து லேப்டாப்புக்கு வந்த ஸ்வரம் ஐபேடுக்குப் போய், ஐபேடு அதைத் திரும்ப லேப்டாப்புக்கே அனுப்புகிறது. ஏயூஎம்மில் மிடி மேட்ரிக்ஸைத் திறந்து பார், எது எங்கே போகிறது என்று தெரியும். உள்ளே வருகிற மிடி வெளியே போகிற இணைப்பு இருந்தால் எடுத்துவிடு. லேப்டாப்பிலும் ‘எல்லா இன்புட்டும்’ என்று விடாதே. பியானோவுக்குக் கண்ட்ரோலர் மட்டும். ஐபேடு பட்டன்களைச் சேனல் 16க்கு (மிடியின் 16 தனிப் பாதைகளில் கடைசி) தள்ளி, பேட்ச் மாற்ற மட்டும் அதைக் கேட்க வை.

கீழக்கரை பேட்:

அண்ணன் சொன்னது ஐபேடுக்கு. ஆண்ட்ராய்டு டேப்லெட் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். ஆண்ட்ராய்டு 6 முதல் யூஎஸ்பி அமைப்பில் மிடி என்று ஒரு தேர்வு உண்டு. சாதாரண டேட்டா கேபிளைச் செருகி அதைத் தேர்ந்தால் விண்டோஸ் அதை மிடி கருவியாக எடுத்துக்கொள்ளும். கேபிளைக் கழற்றி மாட்டினால் பழையபடி சார்ஜுக்குப் போய்விடும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் இயல்பு யூஎஸ்பி அமைப்பையே மிடி என்று வைத்துவிடுங்கள்.

வைஃபையை முழுக்க ஒதுக்கவும் வேண்டாம் என்பது என் கருத்து. லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டு) லேப்டாப்போடு டெம்போ சேர்க்க, வைஃபையில் ஓடும் ஏபிள்டன் லிங்க்தான் வைத்திருக்கிறேன். மிடி வழியாகவே டெம்போ சேர்க்கும் மிடி கிளாக்கில் ஒரு அடிக்கு 24 துடிப்பு, ஒவ்வொன்றும் நேரத்துக்கு வர வேண்டும். லிங்க்கில் கருவிகள் நேரத்தை ஒப்பிட்டு வைத்துக்கொள்கின்றன, ஒரு பாக்கெட் பிந்தினால் தாளம் ஆடாது. இன்டர்நெட் இல்லாத சின்ன ரவுட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும், மேடையில் என் காலடியில்.

மண்டபம் சவுண்ட்:

தாளத்துக்கு அது சரி தம்பி. ஸ்வரத்தை மட்டும் அதில் அனுப்பாதீர்கள்.

தங்கச்சிமடம் கீபோர்டு:

அண்ணே, முந்தாநாள் கச்சேரி முடிந்தது. அதே வடகடல் பக்கம், அதே கூட்டம். மூன்று மணி நேரத்தில் ஒரு ஸ்வரம் நிற்கவில்லை.

முதலில் கேபிளை மாட்டியபோது விளக்கு எரியவில்லை. நீங்கள் சொன்னபடி மாற்றி மாட்டினேன், எரிந்தது. ஏயூஎம்மில் திரும்பிப் போகிற இணைப்பும் இருந்தது. எடுத்ததும் இரட்டை அடி போய்விட்டது. பேட்ச் மட்டும் ஒன்று தள்ளித் தள்ளி வந்தது. லேப்டாப் 1இலிருந்து 128 என்று எண்ணுகிறது, என் பட்டன் 0இலிருந்து 127. எல்லாப் பட்டனிலும் ஒன்று குறைத்துவிட்டேன்.

ஒன்று கவனித்தேன். வீட்டில் கிடந்த பழைய கப்ளரைத்தான் முதலில் போட்டேன். உள்ளே பின் எல்லாம் உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தது, ஆட்டினால் விளக்கு அணைந்து எரிந்தது. புதுசு இரண்டு வாங்கி, கச்சேரி முடிந்ததும் துடைத்து டப்பாவில் போட்டு மூடி வைக்கிறேன். குழல் வருகிற பாட்டை அக்காவே கேட்டு இரண்டாவதாக வைத்தார்.