பெரிய எஞ்சின் மாட்டியாச்சு, ஸ்டீயரிங் படுத்துது. அவசர உதவி!

தகரக்கப்பல்:
வணக்கம் மக்களே. பழைய பிக்கப்புக்கு வி8 (ரெண்டு வரிசையா எட்டு சிலிண்டர் உள்ள எஞ்சின்) இறக்கியாச்சு. அதே மூச்சுல பவர் ஸ்டீயரிங்கும் போட்டாச்சு. எஞ்சின் தங்கமா ஓடுது. ஸ்டீயரிங்தான் பாடாப் படுத்துது. சுத்தும்போது ஒரு இடத்துல கல்லு மாதிரி இறுகுது, கொஞ்சம் தள்ளினா வெண்ணெய் மாதிரி போகுது. பம்ப் புதுசு, ஹோஸ் புதுசு, ஆயில் புதுசு. ஞாயித்துக்கிழமை வண்டியை வெளிய எடுக்கறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். என்னவா இருக்கும்?

நட்டுபோல்ட்டு:
என்ன வண்டி? எந்த வருஷம்? எந்த வி8? ஸ்டீயரிங் பாக்ஸ் (வீல் சுத்தறதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோற கியர் பெட்டி) எதுலேர்ந்து எடுத்தது? படம் எங்க?

பெல்ட்டுபரமன்:
பெல்ட் லூசு. பாக்காமலே சொல்றேன். பம்ப் புல்லியில பெல்ட் வழுக்கினா ஸ்டீயரிங் இப்படித்தான் விட்டு விட்டு இறுகும். பெல்ட்டை இழுத்துக் கட்டிட்டு வந்து எனக்கு நன்றி சொல்லுங்க.

கிரீஸ்கை:
கிங்பின்னை, அதான் முன் சக்கரம் திரும்பற அச்சாணியை, பாருங்க தம்பி. பழைய வண்டின்னா கட்டை ஆக்ஸிலாத்தான் இருக்கும். கிரீஸ் காஞ்சு கிங்பின் கடிச்சிருக்கும். அதுக்கு மேல வி8 கனத்தையும் ஏத்தியிருக்கீங்க. முன்பக்கம் அமுங்கி, காஸ்டர் (அந்த அச்சாணியோட சாய்வு) மாறி, எல்லாம் சேர்ந்து இறுக்குது.

மூத்தவர்60:
இந்தக் கேள்வி இங்கே பலமுறை கேட்கப்பட்டுப் பலமுறை பதில் சொல்லப்பட்டுவிட்டது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. வண்டியின் பெயர்கூடச் சொல்லாமல் நோய் என்ன என்று கேட்டால், நாங்கள் என்ன, சோழி உருட்டியா பார்ப்பது?

தகரக்கப்பல்:
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுப்போச்சு. 1953 செவ்ரோலெட் 3100. செவி 350 எஞ்சின், அதாவது 350 கன அங்குல வி8. பெல்ட் டைட்டா இருக்கு, இப்பதான் பாத்தேன்.

நட்டுபோல்ட்டு:
நல்லது. இன்னும் பாதிதான் வந்திருக்கு. பாக்ஸ் எது? பழைய ஸ்டீயரிங் காலமை (வீலைத் தாங்கற கம்பத்தை) என்ன பண்ணீங்க? அந்த வண்டியில ஸ்டீயரிங் ராடும் பாக்ஸும் ஒரே துண்டாச்சே, அறுக்காம வேற பாக்ஸ் போட முடியாது. அறுத்த இடத்துலேர்ந்து பாக்ஸ் வரைக்கும் எதால இணைச்சீங்க? எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (எஞ்சின் பக்கவாட்டுல புகையை வெளிய விடற குழாய்) எந்த மாடல்? பின் ஆக்ஸில் பழசா புதுசா?

கிரீஸ்கை:
53ன்னா சந்தேகமே இல்ல, கிங்பின்தான்.

ஆறுசிலிண்டர்:
ஒரு நிமிஷம். அதுல இருந்த 216 ஆறு சிலிண்டர் எஞ்சினை என்ன பண்ணீங்க? பிக்கப்புல 216 வந்த கடைசி வருஷமே 53தான். அடுத்த வருஷம் 235 வந்துடுச்சு. அதைக் கழட்டி எறிஞ்சுட்டு, ஊர்ல எவன் வேணும்னாலும் போடற 350ஐப் போட்டிருக்கீங்க. வயிறு எரியுது.

தகரக்கப்பல்:
எறியல அண்ணே. தார்ப்பாய் சுத்தி வெச்சிருக்கேன். பாக்ஸ் பழைய டொயோட்டா 4x4 பிக்கப்புலேர்ந்து எடுத்தது, பிராக்கெட் வெச்சு மாட்டியிருக்கேன். பின் ஆக்ஸிலைத் தொடல. மத்தத அப்புறம் சொல்றேன், வேலைக்குக் கிளம்பணும்.

பெல்ட்டுபரமன்:
டைட்டா இருந்தா மட்டும் போதாது. பளபளன்னு கண்ணாடி மாதிரி ஆன பெல்ட் எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் வழுக்கும்.

திருகாணி:
பெல்ட் வழுக்கினா கீச்சுன்னு கத்தும், அதுவும் கடைசி வரைக்கும் ஒடிச்சுப் பிடிக்கும்போது. அவர் சத்தம்னு ஒரு வார்த்தையும் சொல்லலையே.

கிரீஸ்கை அண்ணே, இரும்பு 350க்கும் பழைய ஆறு சிலிண்டருக்கும் எடை கிட்டத்தட்ட ஒண்ணுதான். வி8ன்னா மலைன்னு நினைக்கறது பழைய கதை. அந்த ஆறு சிலிண்டர் நீளமான இரும்புக் கட்டி, தூக்கிப் பாத்தவனுக்குத் தெரியும்.

நெடுஞ்சாலைநாயகன்:
ஆறுசிலிண்டர் அண்ணாச்சி, 216ஐ வெச்சு இன்னிக்கு ரோட்டுல போயிருக்கீங்களா? பிஸ்டன் ராடு பேரிங்குக்கு ஆயில் பிரஷரே கிடையாது. ராடு அடியில சின்னக் கரண்டி ஒண்ணு இருக்கும், அது தொட்டியில முங்கி முங்கி அள்ளிக்கணும். பேரிங்கு வேற ஊத்தி வார்த்த பாபிட், அதாவது மெத்து உலோகம். 4.11 கியர் விகிதப் பின் ஆக்ஸிலோட மணிக்கு 100 கி.மீ. போனா எஞ்சின் நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 3,000 சுத்துல கதறிட்டிருக்கும். அதை மாத்தினது பாவமா?

ஆறுசிலிண்டர்:
அரைகுறையாப் படிச்சுட்டு வந்து பேசாதீங்க. மெதுவா ஓடும்போதுதான் கரண்டி அள்ளும். வேகம் ஏறினா ஆயில் பேன்ல (அடித் தொட்டியில) இருக்கற நாசில் நேரா அந்தக் கரண்டி வாய்க்குள்ள பீய்ச்சும். மெயின் பேரிங்குக்கு பிரஷர் உண்டு. ஒழுங்கா ஷிம் (மெல்லிய தகடு) எடுத்து இடைவெளி வெச்சா அந்த எஞ்சின் பேரன் காலம் வரைக்கும் ஓடும். 100ல போகணும்னா அதுக்கு வேற வண்டி வாங்குங்க. இது மூட்டை ஏத்தப் பிறந்த வண்டி.

நெடுஞ்சாலைநாயகன்:
ஷிம் எடுத்து இடைவெளி வைக்கத் தெரிஞ்ச ஆளை எங்க போய்த் தேடறது? எஞ்சின் பேரன் காலம் வரைக்கும் ஓடும், சரி. பேரனுக்கு ஷிம் எடுக்கத் தெரியுமா?

மூத்தவர்60:
இந்த விவாத இழை ஸ்டீயரிங்கைப் பற்றியது.

ஆறுசிலிண்டர்:
ஐயா, எஞ்சினை மாத்தாம இருந்திருந்தா ஸ்டீயரிங் பிரச்சினையே வந்திருக்காது. அதனால இதுவும் தலைப்புக்கு உட்பட்டதுதான்.

திருகாணி:
உண்மையில அவர் சொல்றதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. ஆறு சிலிண்டர் ஒல்லி. வி8 ரெண்டு பக்கமும் தோளை விரிச்சு உக்காந்திருக்கும். இடது தோள் நேரா ஸ்டீயரிங் பக்கம்தான் முட்டும். அதனாலதான் இந்த வண்டிக்கு 350 போடறவங்க நடுவுல இறங்கற ராம்ஹார்ன் மேனிஃபோல்டைத் தேடிப் பிடிக்கறாங்க. அது இல்லாட்டி ஸ்டீயரிங் ஷாஃப்டை வளைச்சு நெளிச்சுத்தான் கொண்டுபோகணும்.

தகரக்கப்பல், ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. ஸ்டீயரிங்கை முழுசா ஒரு சுத்து சுத்தினா எத்தனை தடவை இறுகுது? நடுவுல ஒரு தடவையா, கடைசியில மட்டுமா, இல்ல ஒவ்வொரு சுத்துக்கும் வருதா? சக்கரத்தோட உச்சியில ஒரு டேப் ஒட்டிட்டு மெதுவாச் சுத்திப் பாருங்க.

கிரீஸ்கை:
எத்தனை தடவை இறுகினா என்ன? இறுக்கம் இறுக்கம்தானே.

திருகாணி:
இல்லண்ணே, எண்ணிக்கைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். கிங்பின் கடிச்சா முனையிலேர்ந்து முனை வரைக்கும் ஒரே சீரா கனக்கும். பாக்ஸ் உள்ள இறுக்கம் ஜாஸ்தின்னா சக்கரம் நேரா இருக்கும்போது ஒரே ஒரு தடவை இறுகும், ஏன்னா உள்ள இரும்பு குண்டு (பால்) போட்ட பாக்ஸுல அந்த நடு இடத்தைத்தான் நெருக்கமா வெப்பாங்க. பம்ப் வலு இல்லைன்னா எஞ்சின் ஐடில்ல நிக்கும்போது கனக்கும், ரேஸ் பண்ணினா சரியாயிடும். காத்து புகுந்திருந்தா ஆயில் நுரைச்சு மோர் மாதிரி இருக்கும், பம்பும் முனகும். ஒவ்வொரு சுத்துக்கும் தவறாம வருதுன்னா, வீலோடு சேர்ந்து சுத்தற ஏதோ ஒண்ணுலதான் கோளாறு.

தகரக்கப்பல்:
டேப் ஒட்டிப் பாத்தேன். ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை! டேப் 12 மணி இடத்துக்கு வந்தா இறுகுது, 3க்கு வந்தா லேசு, 6ல மறுபடி இறுக்கம், 9ல லேசு. எஞ்சின் ஆஃப்ல இன்னும் மோசம். மேனிஃபோல்ட் ராம்ஹார்ன் இல்ல, எஞ்சினோட வந்ததையே மாட்டினேன். அது இடிக்குதுன்னு காலம் முனையில ஒரு கிராஸ் (சாய்வாச் சுத்த விடற மூட்டு), பாக்ஸ் கிட்ட ஒரு கிராஸ், நடுவுல முக்கால் அங்குல ஷாஃப்ட், ரெண்டு முனையும் 36 பல்லு ஸ்பிளைன். படம் போட்டிருக்கேன்.

நட்டுபோல்ட்டு:
இதைத்தானே முதல் நாளே கேட்டேன்!

திருகாணி:
ஆள் மாட்டிக்கிட்டான். படத்துல நடு ஷாஃப்டைப் பாருங்க. அந்த ஷாஃப்டுல உக்காந்திருக்கற ரெண்டு கவையில (கிராஸைப் பிடிக்கற, ரெண்டு காது உள்ள துண்டு), மேல உள்ளதோட காதுகள் மேலும் கீழுமா நிக்குது. கீழ உள்ளதோட காதுகள் இடமும் வலமுமா நிக்குது. 90 டிகிரி மாறி மாட்டியிருக்கீங்க. 36 பல்லுன்னா ஒரு பல்லுக்கு 10 டிகிரி, அப்படின்னா சரியா 9 பல் தள்ளிப் போயிருக்கு.

கிராஸ் ஒண்ணு சாய்வா நின்னா அது சீராச் சுத்தாது. ஒவ்வொரு அரைச் சுத்துலயும் ஒரு தடவை முந்தும், ஒரு தடவை பிந்தும். ரெண்டு கிராஸையும் ஒரே மாதிரி நிறுத்தினா மேல உள்ளது முந்தறதைக் கீழ உள்ளது பிந்தி சரிக்கட்டிடும். நீங்க மாட்டியிருக்கறதுல ரெண்டும் கூட்டுச் சேர்ந்து முந்துது, கூட்டுச் சேர்ந்து பிந்துது. ரெண்டு கிராஸும் 30 டிகிரி சாய்வுன்னு வெச்சுக்கோங்க. நீங்க ஸ்டீயரிங்கை 10 டிகிரி திருப்பினா பாக்ஸ் ஒரு இடத்துல 13க்கு மேல திரும்பும். கால் சுத்து தாண்டினா அதே 10க்கு ஏழரைதான் திரும்பும். முந்தற இடத்துல கை கனக்கும், பிந்தற இடத்துல வெண்ணெய்.

பெல்ட்டுபரமன்:
ஏழரைன்னு வந்தாலே கஷ்டம்தான்.

திருகாணி:
இன்னொண்ணு. இந்தக் கணக்குப்படி கனமான இடத்துக்கும் லேசான இடத்துக்கும் ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் வித்தியாசம் வரும். கல்லு மாதிரி இறுகுதுன்னா கூடவே எங்கயோ உரசவும் செய்யுது. கிராஸோட காது சுத்தி வரும்போது மேனிஃபோல்ட் மேல படுதான்னு பாருங்க. ஒரு கவைக்கு எதிரெதிரா ரெண்டு காது, அதுவும் சுத்துக்கு ரெண்டு தடவை தட்டும். பட்ட இடத்துல துரு போய் பளபளன்னு கோடு விழுந்திருக்கும்.

மூத்தவர்60:
திருகாணி சொன்னது பாதிதான் சரி. காதுகளை ஒரே வரிசையில் நிறுத்தவேண்டும் என்பது காலம், நடு ஷாஃப்ட், பாக்ஸ் முனை ஆகிய மூன்றும் ஒரே தளத்தில் இருந்தால் மட்டுமே பொருந்தும். ஷாஃப்ட் கீழே இறங்குவதோடு பக்கவாட்டிலும் ஒதுங்கினால் அந்த ஒதுக்கத்துக்குத் தக்கபடி சில பற்கள் தள்ளி வைக்கவேண்டும். மேலும், இரண்டு கிராஸின் சாய்வும் சமமாக இல்லையென்றால் முழுமையாகச் சரிக்கட்டாது. 35 டிகிரிக்கு மேல் சாய்வு போனால் ஒற்றைக் கிராஸே கூடாது, மூன்றாவது கிராஸ் ஒன்றும் நடு ஷாஃப்டைத் தாங்க சேசிஸில் ஒரு பேரிங்கும் வேண்டும். பேரிங் இல்லாமல் மூன்று கிராஸ் போட்டவர்களின் ஷாஃப்ட் சாட்டை மாதிரி ஆடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

திருகாணி:
ஏத்துக்கறேன் ஐயா. படத்துல பக்கவாட்டு ஒதுக்கம் பெரிசா தெரியல. முதல்ல 9 பல் திருப்பட்டும், மிச்சம் இருந்தா ஒரு பல் முன்ன பின்ன வெச்சுப் பாக்கட்டும்.

நட்டுபோல்ட்டு:
எனக்கு ஒண்ணு புரியல. பாத்துப் பாத்து இவ்வளவு வேலை பண்ணினவர் அதை ஏன் 90 டிகிரி திருப்பி மாட்டினாரு?

தகரக்கப்பல்:
சிரிக்காதீங்க. கீழ் கிராஸோட கிளாம்ப் போல்ட் மேனிஃபோல்ட் பக்கம் திரும்பி நின்னுச்சு, ஸ்பேனர் நுழையல. அதனால கழட்டி, போல்ட் வெளிப்பக்கம் வர்ற மாதிரி திருப்பி மாட்டினேன்.

மூத்தவர்60:
ஸ்டீயரிங்கைக் கால் சுற்றுத் திருப்பியிருந்தால் போல்ட் தானாகவே வெளிப்பக்கம் வந்திருக்குமே, ஐயா.

கிரீஸ்கை:
🤣🤣 மூத்தவருக்கு ஒரு மாலை போடுங்கப்பா. ஆனா தம்பி, கிங்பின்னுக்கு கிரீஸ் அடிக்க மறந்துடாதீங்க.

ஆறுசிலிண்டர்:
216 இருந்த இடத்துல ஸ்பேனர் என்ன, நானே இறங்கி நிக்கலாம். சொன்னா யார் கேக்கறா.

நெடுஞ்சாலைநாயகன்:
நிக்கலாம்தான். அதுவும் வண்டி ஓரமா நின்னுபோனதுக்கு அப்புறம்தானே?

நட்டுபோல்ட்டு:
ரெண்டு பேரும் வேற இழைக்குப் போங்கப்பா. தகரக்கப்பல், ஸ்டீயரிங் சரியானாலும் ஞாயித்துக்கிழமை அவசரப்பட்டு எடுத்துடாதீங்க. பின் ஆக்ஸிலைத் தொடலன்னு சொன்னீங்க. அப்போ பழைய டார்க் டியூப் (டிரைவ் ஷாஃப்டை மூடின குழாய்)தானே? அந்த வண்டியில பின் சக்கரம் தள்ளற தள்ளு முழுக்க அந்தக் குழாய் வழியா கியர்பாக்ஸ் வால்ல இருக்கற உருண்டைக்குத்தான் வரும், லீஃப் பட்டைக்கு அந்த வேலை இல்ல. பழைய எஞ்சின்ல பெல் ஹவுசிங்கோட (கிளட்சை மூடின கூட்டோட) ரெண்டு பக்க மவுண்டும் அதைத் தாங்கிச்சு. நீங்க எஞ்சின் மாத்தினப்போ பின்பக்கம் எதுல மவுண்ட் பண்ணீங்க? பிரேக்கு என்ன நிலைமை? மிதிக்கற இடத்துக்குக் கீழ இருக்கற அதே ஒத்தை லைன் மாஸ்டர் சிலிண்டரா? ஒரு ஹோஸ் வெடிச்சா நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது.

தகரக்கப்பல்:
9 பல் திருப்பியாச்சு. நீங்க சொன்ன பளபளப்பான கோடும் இருந்துச்சு. மேனிஃபோல்ட் போல்ட் ஒண்ணோட தலைதான் காதுல பட்டிருக்கு, சின்னத் தலை போல்ட் மாத்திட்டேன். ஒரு விரல்ல சுத்தறேன். திருகாணிக்குக் கோடி நன்றி. 🙏

நட்டுபோல்ட்டு:
சந்தோஷம். பிரேக்கு?

நட்டுபோல்ட்டு:
ஹலோ? பின் மவுண்ட்?

பெல்ட்டுபரமன்:
ஞாயித்துக்கிழமை ஆயிடுச்சு, ஆள் வண்டியோட போயிட்டாரு போல. திரும்பி வந்து பாக்கறவர் பெல்ட்டையும் ஒரு கண்ணு பாத்துடுங்க.