கார்டில் இருந்த ஒரு வார்த்தைக்காக என் படமே இல்லை என்பதா?

புள்ளிக்கோலம் (பினாங்கு):
தூரிகை அண்ணன் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததில் இருந்து மனசு ஆறவில்லை. போன வாரம் ஜார்ஜ்டவுனில் என் படங்களைப் பார்த்தாராம். "கோடு போட்டது கம்ப்யூட்டர், கையெழுத்து மட்டும்தான் இந்தப் பெண்ணுடையது" என்கிறார். ஆதாரம் என்னவென்றால் படத்துக்குக் கீழே இருந்த கார்டில் "தற்செயல் கோடுகள்" என்று இருந்ததாம். அண்ணே, அந்த 7 படங்களும் என் பாட்டியின் கோல நோட்டில் இருந்து வந்தவை. புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணி, கோட் எழுதிப் படம் வரையும் ப்ரோசஸிங் என்ற மென்பொருளில் ஏற்றியது நான். எந்தப் புள்ளி எவ்வளவு தூரம் நகரலாம் என்று எல்லை வைத்ததும் நான், நடுவில் கொஞ்சம், ஓரத்துக்குப் போகப் போக அதிகம். அதனால்தான் நடுவில் சிக்குக் கோலமாகத் தெரிவது ஓரத்தில் வெறும் கோடாக அவிழ்ந்து போகிறது. அந்த அவிழ்தல் சரியாக வரவே 4 மாதம் ஆனது. 300க்கு மேல் வந்ததில் 7 மட்டும் வைத்துக்கொண்டேன். இதில் கம்ப்யூட்டர் எதை முடிவு செய்தது?

தூரிகை (செந்தூல்):
தங்கச்சி, பாட்டி கதை எல்லாம் சரி. கார்டில் தற்செயல் என்று இருந்ததா இல்லையா? தற்செயலாக விழுந்த கோட்டுக்கு யார் உரிமை கொண்டாடுவது? 30 வருஷமாக வாட்டர் கலர் போடுகிறவன் நான், ஒரு கோடு விழுந்தால் அது என் கையில் இருந்து விழுந்தது.

பட்டர்வொர்த்காரன்:
ஈரத் தாளில் சாயம் எங்கே ஓடும் என்று முன்கூட்டியே உங்களுக்குத் தெரியுமா அண்ணே? அதுவும் தற்செயல்தானே.

தூரிகை:
அது வேறு. தாளை நான் சாய்க்கிற பக்கம்தான் தண்ணீர் ஓடும். நான் கேட்டது கார்டைப் பற்றி.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி:
வரைவது என்றால் என்ன என்று முதலில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாருங்கள். கை படுவதா, யோசிப்பதா, தேர்ந்தெடுப்பதா? அது தெரியாமல் பேசிக்கொண்டே போகிறீர்கள்.

கெப்போங் டாக்சி:
நான் கேட்க நினைத்தது விலை. ஒரு படம் 900 ரிங்கிட் என்று போட்டிருந்தார்கள். தீபாவளிக்கு மாலில் அரிசிக் கோலம் போடுகிறவர்கள் முதுகு ஒடிய மணிக்கணக்கில் உட்கார்ந்து போடுகிறார்கள், அவர்களுக்கு இதில் பாதி கிடைக்குமா?

புள்ளிக்கோலம்:
விலையைப் பற்றித் தனியாகப் பேசலாம், அதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. முதலில் தற்செயல். கம்ப்யூட்டர் எண்களைக் குலுக்கிப் போடுவது கிடையாது. ஒரு விதை எண் கொடுத்தால் அதில் இருந்து கணக்குப் போட்டு அடுத்தடுத்த எண்களைத் தரும். அதே விதை எண்ணை அடுத்த வருஷம் கொடுத்தாலும் அதே வரிசை, அதே கோடு. அதிலும் நான் எடுத்தது பெர்லின் நாய்ஸ் என்ற கணக்கு முறை, கென் பெர்லின் என்பவர் 1980களில் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸுக்காக உருவாக்கியது. அதில் பக்கத்துப் பக்கத்து எண்கள் ஒன்றை ஒன்று ஒட்டியே போகும், கோடு வெடுக்கென்று குதிக்காமல் வளைந்து வரும்.
இந்தச் சண்டையும் புதிது இல்லை. 1965இல் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் கியோர்க் நேஸ் என்பவர் கம்ப்யூட்டர் வரைந்த படங்களைக் காட்டியபோதே ஓவியர்கள் கோபப்பட்டார்கள். வேரா மோல்நார் என்ற ஓவியர் 1968இல் கம்ப்யூட்டர் பக்கம் போவதற்கு முன்னாலேயே விதி எழுதி வைத்துக்கொண்டு அந்த விதிப்படி கையாலேயே வரைந்தவர். 2023இல் 99 வயதில் இறந்தார். ஒழுங்கான சதுரங்களுக்குள் கொஞ்சம் ஒழுங்குக் குலைவை விட்டு எங்கே அழகு பிறக்கிறது என்று ஆயுசு முழுக்கத் தேடினார். அவரையும் கையெழுத்து மட்டும் போட்டவர் என்பீர்களா?

தூரிகை:
வெள்ளைக்காரர்கள் பட்டியல் வேண்டாம். கார்டில் தற்செயல் என்று எழுதியது மோல்நார் இல்லை, நீ.

பட்டர்வொர்த்காரன்:
நம் நாட்டிலேயே 1988இல் ஓவியர் இஸ்மாயில் ஸைன் கம்ப்யூட்டரில் செய்த கொலாஜ் என்ற ஒட்டுப்படங்களைக் காட்சிக்கு வைத்தார் அண்ணே. அவர் வெள்ளைக்காரரா?

தூரிகை:
அது கொலாஜ். எதை எங்கே ஒட்டுவது என்று அவர் முடிவு செய்தார். தற்செயல் என்று எழுதவில்லை.

புள்ளிக்கோலம்:
சரி, தமிழர்களையே சொல்கிறேன். தாம்பரத்தில் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களிலேயே கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதினார்கள். கோலமே விதியில் பிறந்ததுதான். புள்ளி வை, சுற்றி வா, ஆரம்பித்த இடத்தில் முடி. என் பாட்டி விதி போட்டார், நானும் விதி போடுகிறேன், மாவுக்குப் பதில் பிளாட்டர் என்ற வரையும் மெஷினில் பேனா.

தூரிகை:
அவர்கள் செய்தது கணிதம். உன் பாட்டி குனிந்து கையால் போட்டார். ஒரு நாளாவது "தற்செயல் கோலம்" என்று வாசலில் எழுதி வைத்தாரா?

புள்ளிக்கோலம்:
கை, கை என்கிறீர்களே. நீங்கள் கோபுரம் வரைய புரொஜெக்டரில் போட்டோவை அடித்து அவுட்லைன் எடுப்பதும் அதே கைதானே? போன வருஷம் இதை நான் கேட்டதில் இருந்துதான் உங்களுக்கு என் மேல் இந்தக் கோபம்.

தூரிகை:
அந்தப் புரொஜெக்டர் கதையை மறுபடியும் இழுக்காதே. பெரிய சுவர் வேலை அது, அளவுக்காக எடுத்தது. என்னிடம் படித்த பிள்ளைகளைக் கேள்.

கெப்போங் டாக்சி:
பினாங்கு ஆட்கள் எப்போதும் இப்படித்தான், கோலாலம்பூர்காரர்கள் ஒன்று சொன்னால் பொறுக்காது. விலைக்குப் பதில் வரவில்லை.

பட்டர்வொர்த்காரன்:
இதில் பினாங்கு எங்கே வந்தது லா?

பிரிக்பீல்ட்ஸ் வாசகி:
என் கேள்வி அப்படியே கிடக்கிறது.

புள்ளிக்கோலம்:
மூன்றாவது படத்தின் விதை எண் 4127. இன்றைக்கே புரோகிராம் கோட் முழுவதையும் இங்கே போடுகிறேன். உங்கள் லேப்டாப்பில் ஓட்டிப் பாருங்கள், அதே படம்தான் வரும். அப்புறம் என் எல்லை எண்களை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டுங்கள், வெறும் கிறுக்கல்தான் வரும். அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் என் கை. 4 மாதம் அங்கேதான் இருந்தேன்.

தூரிகை:
நான் ஓட்டப் போவதில்லை. கார்டில் தற்செயல் என்றுதான் இருந்தது. போட்டோ என்னிடம் இருக்கிறது.

புள்ளிக்கோலம்:
போடுங்கள் அண்ணே. கார்டின் இரண்டாவது வரியும் தெரிகிற மாதிரிப் போடுங்கள்.