சர்க்கரைக்காரருக்குப் பாவக்காய் தீயல்: தேங்காயைக் குறைக்க வழி சொல்லுங்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் தீயல் (வறுத்த தேங்காய் அரைத்து வைக்கும் புளிக்குழம்பு) வைத்துக் கைப்பழக்கம் உள்ளவர்களிடம் ஓர் உதவி. சர்க்கரை நோயாளிக்கு வாரம் இரண்டு மூன்று நாள் பாவக்காய் கொடுக்க வேண்டும். பொரித்ததும் வெல்லம் போட்டதும் ஆகாது.

கால் கிலோ காயை மெல்லிசாக அரிந்து, அரை ஸ்பூன் உப்பில் பிசறி, 15 நிமிடம் கழித்து லேசாகப் பிழிகிறோம். அழுத்திப் பிழிந்தால் கசப்போடு சத்தும் போய்விடும். வதக்க இரண்டு ஸ்பூன் எண்ணெய் போதும்.

சிக்கல் வறுத்த தேங்காயில்தான். அரை மூடியைக் கால் மூடிக்கும் கீழே குறைத்தால் குழம்பு தண்ணியாய் ஓடுகிறது, புளி தூக்கலாகிறது. அரிசிமாவு கரைத்து ஊற்றினால் கெட்டிப்படும், ஆனால் மாவுச்சத்து ஏறும். சின்ன உள்ளியை (சின்ன வெங்காயம்) கூட்டினால் இனிப்பு தட்டுகிறது. மல்லியைக் கூட்டலாம், கொஞ்சம் கருகினாலும் கசப்பு இரட்டிப்பு. நீங்கள் வேறு எதைச் சேர்த்து அரைக்கிறீர்கள்?

வெறும் வயிற்றில் பாவக்காய்ச் சாறு என்ற யோசனை மட்டும் தயவுசெய்து வேண்டாம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் ரத்தச் சர்க்கரை 70 mg/dLக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். வியர்த்து, கை நடுங்கும். பாவக்காய் மாத்திரைக்கு மாற்றும் அல்ல. தட்டில் சோறோ மரச்சீனியோ (மரவள்ளிக்கிழங்கு) குவிந்து கிடந்தால் தீயலால் பெரிய பயன் இல்லை.

தேங்காய், புளி, மல்லி அளவையும், எத்தனை பேருக்கு என்பதையும் சேர்த்து எழுதினால் அப்படியே வைத்துப் பார்க்கலாம். வடசேரி சந்தையில் பிஞ்சு மிதிபாவக்காய் (சின்ன ரகப் பாவக்காய்) எந்த நேரம் கிடைக்கும் என்றும் சொல்லுங்கள்.